தலைகீழ் வீட்டின் மேற்கு ஜன்னல்

மலைகளுக்கு நடுவே இரண்டு குளங்களின் இடையில் கிடப்பதால் ஷுவாங்தாங் என்று பேர் வாங்கிய ஒரு சின்னச் சீன ஊரில், டயர் வியாபாரம் சலித்துப்போன ஃபெங் என்பவர், ஊரெல்லையில் கடுகு வயலை ஒட்டி, ஓட்டுக்கூரை மண்ணில் பதியவும் தரை ஆகாயத்தைப் பார்க்கவும் ஒரு வீட்டைத் தலைகீழாகக் கட்டி, சோபா, சாப்பாட்டு மேஜை, டிவி, குழந்தைத் தொட்டில், பல் தேய்க்கும் பிரஷ் வரைக்கும் எல்லாவற்றையும் மேலே இருந்த தரையில் ஆணியும் போல்ட்டும் போட்டு முடுக்கி, சுவருக்கு இளநீலம் அடித்து, வாசலில் ஒரு டிக்கெட் ஜன்னலும் வைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து நகரத்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து, கீழே இருந்த கூரையின் உட்புறத்தில் நடந்து, கையைத் தூக்கிப் போட்டோ எடுத்து, போட்டோவைத் திருப்பிப் பார்த்து, நாம் எல்லாரும் பல்லி மாதிரி தொங்குகிறோம் என்று சிரித்து, வெளியே ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். ஆறு வருஷம் இப்படியே போயிற்று.

ஏழாவது வருஷம் மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு, கூட்டித் துடைக்கப் போன ஹுவாங் என்ற அம்மாள் வாசலைத் தாண்டியதும் மேல்நோக்கி விழுந்தாள். விழுந்த இடத்தில் சோபா இருந்ததால் அடி ஒன்றும் படவில்லை. கூடவே மேலே விழுந்த வாளித் தண்ணீர் டிவியின் காலடியில் தேங்கி நின்றது. எழுந்து உட்கார்ந்தவள் மேஜையை விரலால் தொட்டுப் பார்த்தாள். ஆறு வருஷமாக யாருக்கும் எட்டாத மேஜை அது. "இவ்வளவு தூசியா!" என்றாள். மத்தியானம் வரைக்கும் மேஜை, நாற்காலி, தொட்டில் எல்லாவற்றையும் துடைத்து முடித்த பிறகுதான், கீழே இறங்க ஓர் ஏணி வேண்டும் என்று ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தாள்.

ஊர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. போலீஸ்காரர் ஒருவர் வந்து வாசலுக்குக் குறுக்கே ரிப்பன் கட்டினார். ரிப்பனின் உட்பக்கம் மேலே தொய்ந்ததைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் இழுத்துக் கட்டினார். பள்ளிக்கூடத்து அறிவியல் வாத்தியார் ஓர் இரும்புக் குண்டோடு வந்து, உள்ளே அதைப் பன்னிரண்டு தடவை நழுவவிட்டுப் பார்த்து, பன்னிரண்டு தடவையும் அது மேலே போனதை நோட்டில் எழுதிக்கொண்டு சாப்பிட வீட்டுக்குப் போனார். மாகாணத் தலைநகரிலிருந்து கருவிகளோடு வந்தவர்கள் நான்கு நாள் தங்கி, குளத்து மீனை நன்றாகச் சாப்பிட்டு, முடிவைக் கடிதத்தில் அனுப்புவதாகச் சொல்லிப் போனார்கள். கடிதம் வரவில்லை, யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. ஹுவாங் அம்மாளின் இடுப்பு வலி உள்ளே இருக்கும்போது குறைகிறது என்றும், பூனைகளுக்கு அந்த வீடு ரொம்பப் பிடித்திருக்கிறது என்றும் மட்டும் கொஞ்ச நாள் பேசிக்கொண்டார்கள்.

நொந்துபோனவர் ஃபெங் ஒருவர்தான். இப்போது உள்ளே போகிறவர்கள் நேராகச் சோபாவுக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள். போட்டோவில் பார்த்தால் யாரோ ஒருவர் சாதாரண வீட்டில் சாதாரணமாக நிற்கிற மாதிரி இருந்தது. இதை எங்கள் வீட்டிலேயே எடுத்துக்கொள்ளலாமே என்று வந்தவர்கள் சண்டை போட்டார்கள். இரண்டு மாதத்தில் கூட்டம் நின்றுவிட்டது. வீட்டை மூடிவிடலாம் என்று முடிவெடுத்து, போல்ட்டுகளைக் கழற்ற ஒரு தச்சனை உள்ளே அனுப்பினார்.

அந்தத் தச்சனுக்குப் பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத ஓர் அண்ணன் இருந்தான். சைக்கிளில் காஸ் சிலிண்டர் போடுகிறவன். வெயிலுக்கு ஒதுங்கி மேற்கு ஜன்னலோரம் வந்து நின்றவன் உள்ளே தம்பியின் முகத்தைத் தலைகீழாகப் பார்த்தான். தம்பியும் அண்ணனின் முகத்தைத் தலைகீழாகப் பார்த்தான். தலைகீழாக இருக்கும் முகத்தில் கோபம் இருக்கிறதா, வெட்கம் இருக்கிறதா, ஏளனம் இருக்கிறதா என்று ஒன்றுமே தெரிவதில்லை. நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் வாய் அசையும், அவ்வளவுதான். அதனால் அண்ணன், அம்மா சாகும்போது உன் பேரைத்தான் சொன்னாள், நான் உன்னிடம் மறைத்துவிட்டேன் என்று, அன்றைக்கு மழை வருமா என்று கேட்கிற குரலில் சொன்னான். தம்பி, சரி, சாயங்காலம் வீட்டுக்கு வா என்றான்.

அதற்குப் பிறகு ஊரே வந்தது, ஃபெங் வீட்டை மூடவில்லை. மாமியார்கள் வந்தார்கள், மருமகள்கள் வந்தார்கள், கல்யாணத்தை நிறுத்த நினைத்தவர்களும் செய்ய நினைத்தவர்களும் வந்தார்கள். விவாகரத்துக்கு மனுப் போடுகிறவர்களிடம், முதலில் ஒருதரம் நீல வீட்டு ஜன்னலுக்குப் போய்விட்டு வாருங்கள் என்று அலுவலகத்திலேயே சொல்லி அனுப்பினார்கள். நான்கு பக்கமும் நான்கு ஜன்னல். வெளியே இருப்பவருக்கு ஒரு முக்காலி. உள்ளே நிற்பவரின் கண்ணும் வெளியே உட்காருபவரின் கண்ணும் நேருக்கு நேர் வரும்படி முக்காலியின் காலை அறுத்து வைத்திருந்தார்கள். ஆளுக்கு அரைமணி நேரம். நேரம் முடிந்ததும் ஹுவாங் அம்மாள் மணி அடிப்பாள். சுவரில் விதிகள் எழுதியிருந்தன. குரலை உயர்த்தக் கூடாது. ஜன்னல் வழியாகக் கொதிக்கிற டீயை நீட்டக் கூடாது. உள்ளே இருப்பவர் தலைகீழா, வெளியே இருப்பவர் தலைகீழா என்று வாதாடக் கூடாது.

அந்த ஊருக்கு, அடுத்த வருஷம் ஏப்ரலில், ஆனைமலைப் பக்கம் தென்னை நார் மில் வைத்திருக்கும் நாச்சிமுத்துவும் அவர் மனைவி சாந்தாமணியும் நார் அழுத்தும் மெஷின் பார்க்க வந்து சேர்ந்தார்கள்.

அவர்களுடைய ஒரே மகன் சபரீஷ், இருபது வயது, அதற்குப் பதினாலு மாதம் முன்னால் வாய்க்காலில் குளிக்கப் போய்த் தண்ணீரோடு போய்விட்டான். இரண்டு நாள் கழித்து, ஏழு மைல் தள்ளி, ஒரு மதகில் கிடைத்தான். அன்றிலிருந்து நாச்சிமுத்து ஓரிடத்தில் உட்காரவில்லை. போர்வெல் போட்டார், மில்லுக்குப் புதுக் கூரை போட்டார், காரை மாற்றினார், வீட்டைச் சுற்றிக் கேமரா வைத்தார், யாரைப் பார்த்தாலும் நிறுத்தாமல் பேசினார். சாந்தாமணிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். மாவு ஆட்டினாள், மில்லுக்கு டீ அனுப்பினாள், விசேஷங்களுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாள். ஒருநாள் தோசைக்கல்லில் கை பட்டது, வாசனை வந்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. சீனாவுக்கு வா என்று புருஷன் கூப்பிட்டபோது வந்தாள். வரமாட்டேன் என்று சொல்வதற்கு மனசில் ஏதாவது இருக்க வேண்டும், அது இல்லை.

மெஷின் கம்பெனிக்காரர்கள் ஒரு மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்திருந்தார்கள். லின் என்ற சீனப் பெண்மணி, நாற்பது வயதிருக்கும், பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தவர், நிறைமதி என்று தமிழில் பேரும் வைத்துக்கொண்டவர். சோதனை ஓட்டம் மறுநாள்தான் என்று ஆனதும், அன்று பகலில் விருந்தினரை ஊர்சுற்றிக் காட்டச் சொல்லி அவரிடம் ஒரு வேனைக் கொடுத்தார்கள். ஊரில் காட்ட இருந்தது அந்த வீடு ஒன்றுதான்.

போகிற வழியெல்லாம் நிறைமதி வீட்டின் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். நாச்சிமுத்துவுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் ஏற்படவில்லை.

"அப்ப உள்ள போட்டோ எடுத்தா நல்லா வராதுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"வராது ஐயா. இப்போது அங்கே எவரும் படம் எடுப்பதில்லை. உரையாடுவதற்காகவே செல்கின்றனர்."

"எங்களுக்கு என்னங்க பேச இருக்குது? இருபத்தி மூணு வருசமாப் பேசிட்டுத்தான இருக்கறோம்," என்று சிரித்தார்.

சாந்தாமணி ஜன்னலுக்கு வெளியே கடுகுப் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மஞ்சளாக இருந்தது.

வீட்டு வாசலில் நாலைந்து ஜோடிகள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு கிழவர் மடியில் ஆரஞ்சுப் பையை வைத்துக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து வீட்டைச் சுற்றி வந்து, சுவரைத் தட்டிப் பார்த்து, எவ்வளவு செலவாகியிருக்கும் என்று கேட்டு, மண்ணில் பதிந்த கூரையில் ஈரம் ஏறாமல் என்ன செய்கிறார்கள் என்றும் கேட்டார். தான் உள்ளே போகப்போவதில்லை, தனக்குத் தலைசுற்றல் உண்டு என்றார்.

"நான் போறேனுங்க," என்றாள் சாந்தாமணி.

ஏன் என்று பிற்பாடு அவர் கேட்டபோது, கால் வலித்தது, உள்ளே சோபா தெரிந்தது என்றாள்.

வாசலில் ஒரு மர மேடை. அதில் ஏறி நின்று தலைக்கு மேலே இருக்கும் கம்பியைப் பிடித்து உள்ளே சாய்ந்தால், உடம்பு தானாகப் புரண்டு கால் மேலே போய்விடும். அங்கே ஒரு மெத்தை விரித்திருந்தது, இரண்டு பெண்கள் பிடித்துக்கொண்டார்கள். அந்த இடத்தில் கத்தாதவர்கள் இல்லை. சாந்தாமணி படுக்கையில் ஒருபக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் திரும்பிப் படுக்கிற மாதிரி புரண்டு, எழுந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். ஹுவாங் அம்மாள் அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, சோபாவில் உட்காரவைத்து, வெந்நீர் கொடுத்தாள். பிறகு மேற்கு ஜன்னல் காலியானதும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினாள்.

வெளியே முக்காலியில் நாச்சிமுத்துவை உட்காரவைத்துவிட்டு நிறைமதி, "அரைமணி நேரம் ஐயா. நான் குளக்கரையில் இருப்பேன்," என்று சொல்லிப் போய்விட்டார்.

சாந்தாமணி பார்த்தாள். வெளியே வயல் மேலே இருந்தது, ஆகாயம் கீழே கிடந்தது. நடுவில் புருஷனின் முகம், தாடை மேலேயும் நெற்றி கீழேயுமாக. யாருடைய முகமோ போல இருந்தது. பதினாலு மாதத்தில் அவள் அந்த முகத்தை இவ்வளவு நேரம் பார்த்ததில்லை.

"எப்படி இருக்குது உள்ள?" என்று முகம் கேட்டது.

"நல்லா இருக்குதுங்க. நீங்கதான் தலைகீழா இருக்கறீங்க."

"அதச் சொல்லக் கூடாதுன்னு செவுத்துல எழுதியிருக்குதாமா." சிரித்தாரா என்று தெரியவில்லை. பிறகு பேச ஆரம்பித்தார். மெஷினைப் பற்றி, கப்பலில் எத்தனை நாளாகும் என்பது பற்றி, கோயமுத்தூரில் இதே மெஷின் வாங்கியவரைப் பற்றி. நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் வாய் அசைந்துகொண்டே இருந்தது. ஐந்து நிமிஷமோ பத்து நிமிஷமோ அவள் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்க," என்றாள். "அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

வாய் நின்றது.

"மதகுல எடுத்தப்ப. நீங்க பாத்தீங்கல்ல. என்னைய வேண்டாம்னுட்டீங்க. மூடியே கொண்டாந்தீங்க. எப்படி இருந்துச்சு?"

பக்கத்து ஜன்னலில் யாரோ மெல்லிய குரலில் எதையோ வரிசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வயலில் ஒரு டிராக்டர் ஓடியது. நாச்சிமுத்துவின் முகத்தில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"நான் பாக்கல சாந்தா."

"என்னங்க?"

"பாக்கல. கால்தான் பாத்தேன். ரெண்டாவது விரலு நீட்டமா இருக்கும்ல, அத. மேல பாக்க முடியல. போலீசு கேட்டாங்க, ஆமா எம்பையன்தான்னு சொன்னேன். மூடுங்கன்னேன். ஆசுபத்திரியிலயும் வெளியதான் நின்னேன். வீட்டுல வந்து பாத்துட்டேன்னு சொன்னேன். அப்பறம் அதையே எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன்."

"நீங்களும் பாக்கலீங்களா."

"இல்ல."

இவர் அந்த முகத்தைப் பார்த்தவர் என்பதால்தான் அவள் பதினாலு மாதமாக இவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. சோறு போடும்போது தட்டைப் பார்த்தாள், பேசும்போது சட்டைப் பொத்தானைப் பார்த்தாள். இவர் கண்ணுக்குள் அது இருக்கும், எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்திருந்தாள். அங்கே ஒன்றும் இல்லையாம். கோபம் வர வேண்டிய இடம் இது என்று தோன்றியது. வருகிறதா என்று காத்துப் பார்த்தாள். வரவில்லை.

"பின்ன ஆரு பாத்தாங்க?"

"மாகாளிதான். அவன்தான எறங்கி எடுத்தான்."

மாகாளி மில்லில் தேங்காய் மட்டை இறக்குகிறவன். துக்கத்துக்கு வந்து ஒரு மூலையில் நின்றுவிட்டுப் போனான். அவனிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

"போன் போடுங்க."

"இப்பவா? இங்கிருந்தா?"

"போடுங்க."

அவர் போட்டார். வெளிநாட்டு அழைப்பு இரண்டு தடவை அறுந்து, மூன்றாவது தடவை மணி போயிற்று. ஸ்பீக்கரில் வைத்து, ஜன்னல் கட்டைக்கு வெளியே பிடித்துக்கொண்டார். ஊரில் அப்போது மத்தியானம், மாகாளி சோத்துப் போசியைத் திறந்திருந்தான்.

"சொல்லுங்க மொதலாளி. மிசினு வாங்கியாச்சுங்களா?"

"மாகாளி, நான் அம்மா பேசறேன்."

"அம்மாங்களா? சொல்லுங்."

"சபரீசை நீதான எடுத்த. அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு சொல்லு."

அந்தப் பக்கம் போசி மூடுகிற சத்தம் கேட்டது. "அதெல்லாம் இப்ப எதுக்குங்மா? வேண்டாமுங்."

"நான் ரொம்ப தூரத்துல இருக்கேன் மாகாளி. சும்மா சொல்லு."

மெதுவாக, ஒன்றையும் விடாமல் சொல்ல வேண்டும் என்கிற மாதிரி சொன்னான். முகம் கொஞ்சம் உப்பியிருந்தது. பொய் சொல்ல மாட்டேன், நல்லாவே உப்பியிருந்தது. ஒரு கண் மூடியிருந்தது, இன்னொன்றை நான்தான் மூடினேன் என்றான். நெற்றியிலும் காதிலும் சேறு, என் துண்டை நனைத்துத் துடைத்தேன் என்றான். வாய் மூடித்தான் இருந்தது.

"எடுத்ததும் எனக்கு ஒரு நிமிசம் மட்டுப்படலீங்மா. வேற ஆரோன்னு நெனச்சுட்டேனுங். சின்னவரு மீசைய எடுத்திருந்தாப்லீங்."

"மீசையவா?" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

"ஆமாங். சுத்தமா எடுத்திருந்தாப்ல. அந்த எடம் மட்டும் வெளுப்பா இருந்துச்சுங். அன்னைக்குக் காத்தாலதான் எடுத்திருப்பாப்ல போல. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சனுங்."

அவர்களுக்குத் தெரியாது. அன்றைக்குக் காலையில் அவன் எழுந்தபோது அவள் பால் கறக்கிற இடத்தில் இருந்தாள், அவர் மில்லில் இருந்தார். சாப்பிட்டுவிட்டு, அம்மா போய்ட்டு வரேன் என்று முன்வாசலில் நின்று கத்திவிட்டுப் போனான். குரல்தான் கேட்டது. ஹாலில் மாலை போட்ட போட்டோவில், கல்லூரி அடையாள அட்டையில், பேப்பரில் கொடுத்த அறிவிப்பில், எல்லாவற்றிலும் அவன் மீசையோடு இருந்தான். பதினாலு மாதமாக வந்தவர்கள் எல்லாரும் அவனைப் பற்றி ஏற்கெனவே தெரிந்ததையே சொல்லிவிட்டுப் போனார்கள். அவனைப் பற்றிப் புதிதாக ஒரு சேதி வந்தது இதுதான் முதல் தடவை.

"சாப்பிடு மாகாளி," என்றாள் சாந்தாமணி. "சோறு ஆறிப்போகும்."

நாச்சிமுத்து போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார்.

"எதுக்கு எடுத்திருப்பான்?" என்றார் நாச்சிமுத்து.

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லல."

"காலேஜுல ஆராச்சும் சொல்லியிருப்பாளுக."

"இருக்கும்."

"நல்லா இருந்திருக்காது," என்றார் அவர். "அவனுக்கு மேலுதடு சின்னது. உங்கப்பனாட்ட. மீசை இல்லீன்னா மூஞ்சி மொட்டையாப் போயிருக்கும்."

"எங்கப்பனுக்கு என்னங்க கொறை? மீசை எடுத்தா அவனுக்குக் கன்னம் எடுப்பாத் தெரிஞ்சிருக்கும்."

"கன்னம் எங்க இருந்துச்சு அவனுக்கு? ஒட்டிப்போய்க் கெடந்தான்."

"நீங்க பாக்கவே இல்லீங்கல்ல. அப்பறம் எப்படிச் சொல்றீங்க?"

"நீ மட்டும் பாத்தியா?"

"எனக்குத் தெரியும்."

"நல்லா இருந்திருக்காது சாந்தா. சொன்னாக் கேளு."

"இருந்திருக்குமுங்க."

அரைமணி முடிந்திருந்தது. ஆரஞ்சுப் பைக் கிழவர் தன் முறைக்கு எழுந்து ஜன்னல் பக்கம் வந்தார். ஹுவாங் அம்மாள் மணியைக் கையில் எடுத்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. ஒரு வருஷமாக அந்த ஜன்னல்களில் அவள் எவ்வளவோ பேச்சுகளைக் கேட்டிருந்தாள், எது முடிந்த பேச்சு, எது இப்போதுதான் தொடங்கிய பேச்சு என்று மட்டும் சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவாள். மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு, கிழவரைப் பார்த்து உட்காரும்படி தலையசைத்தாள். கிழவர் உட்கார்ந்து ஓர் ஆரஞ்சை உரித்தார்.

சாந்தாமணி வெளியே வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. மேடையில் புரண்டு இறங்குகையில் முழங்கால் கம்பியில் இடித்து, "அம்மா" என்றாள். நாச்சிமுத்து கை கொடுத்தார். இரண்டு பேரும் வேனில் ஏறினார்கள். மலைப்பாதையில் முதல் வளைவு திரும்புவதற்குள் அவர் மறுபடி, ஒரு தரம் எடுத்துவிட்டால் அப்புறம் முரட்டு முடியாகத்தான் வரும், அதற்காகச் சொன்னேன் என்று ஆரம்பித்தார். அவள் அவர் பக்கம் முகத்தைத் திருப்பி, இந்தக் காலத்துப் பையன்கள் எல்லாம் எடுக்கத்தான் செய்கிறார்கள், உங்களுக்கு என்ன தெரியும் என்றாள். அது இரண்டு மூன்று வளைவுக்குப் போயிற்று.

முன்சீட்டிலிருந்த நிறைமதி தயங்கித் தயங்கித் திரும்பினார்.

"மன்னிக்க வேண்டும். தாங்கள் இருவரும் எதைப் பற்றி இவ்வளவு வாதிடுகிறீர்கள் என்று அறியலாமா?"

"எங்க பையன் மீசையப் பத்திங்க," என்றார் நாச்சிமுத்து.

"ஓ, தங்களுக்கு மகன் இருக்கிறாரா? மீசை வைத்திருக்கிறாரா?"

நாச்சிமுத்து வாயைத் திறந்தார். வேன் இன்னொரு வளைவில் திரும்பியது.

"வெச்சிருந்தான்," என்றாள் சாந்தாமணி. "எடுத்துட்டான்."